சீறாத கத்தி

பழுத்த கத்தி தண்ணீருக்குள் இறங்கியது. சத்தம் வரவில்லை.

உலைக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில் நின்றுகொண்டிருந்த பதியுதீன், காதுதான் அடைத்துப்போயிற்றோ என்று தலையை ஒருமுறை உதறிப் பார்த்தான். கச்சான் காற்று பட்டறையின் தகரக் கூரையைப் பிடித்து உலுக்குவது கேட்டது. சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் மீன்காரனின் ஹோர்ன் கேட்டது. பெருநாளில் அறுத்துக் கொடுக்கும் குர்பானுக்கென்று வாங்கி வளவுக்குள் கட்டியிருந்த மாடு அசைபோடுவதுகூடக் கேட்டது. காதில் ஒரு குறையும் இல்லை. தொட்டிக்குள் மூழ்கியிருந்த இரும்புதான் ஊமையாகக் கிடந்தது.

இரும்படிக்கிறவனுக்குக் காதுதான் பாதித் தொழில். உப்புக் கரைத்த தண்ணீரில் பழுத்த இரும்பு பட்டவுடன் முதலில் ஒரு சீறல் எழும். பிறகு தண்ணீர் கொதித்துக் குமுறும். கடைசியில் முனகிக்கொண்டே அடங்கும். அந்தச் சீறலை வைத்தே, கத்தியின் வாய் பதம் ஏறிவிட்டதா, எங்காவது ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்துவிட்டதா என்று பதியுதீன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். இன்றைக்கு அந்தச் சீறல் மட்டுமில்லை, ஆவிகூட எழவில்லை. சிரட்டைக் கரியின் புகை மணத்துக்கு நடுவே எங்கிருந்தோ சேற்று மணம் ஒன்று மெல்லப் பரவியது.

இரும்புக் குறடு பிடித்திருந்தவள் அவன் மனைவி சபூறா. அவர்கள் வீட்டு வழமை அதுதான். நிறம் பார்ப்பது அவன், தண்ணீர் காட்டுவது அவள். உலையில் கிடக்கும் இரும்பின் நிறம் நிழலில் நின்று பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அவன் மூலையில் நின்று “ம்” என்பான், அவள் அந்தக் கணமே கத்தியை நேராக இறக்குவாள். முன்பொருமுறை மணிக்கட்டு வெந்துபோனதிலிருந்து அவனுடைய வலக்கை இலேசாக நடுங்கும். நடுங்குகிற கையால் தோய்த்த கத்தி வளைந்துவிடும். அவள் கையோ மருதமுனைத் தறியில் வளர்ந்த கை, நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கும். தண்ணீர் காட்டிய கையைக் கத்தி கடிக்காது என்று அவன் வாப்பா சொல்வார். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் அவனைக் கிண்டல் பண்ணுவாள். அவன் விரல்களில் தழும்பு இல்லாத விரலே இல்லை; அவள் கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

“பதம் ஏறியிரிக்குமா?” என்று சபூறா கேட்டாள்.

அவன் கத்தியை வாங்கி அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். அரம் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. இவ்வளவு கடினமான வாயை அவன் இதுவரை அடித்ததில்லை. கரி ஈரம், அதனால்தான் சத்தமில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். கரிக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கத்தியின் அடியில், பிடி பொருத்தும் இடத்துக்குச் சற்று மேலே இருந்த மூன்று புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அந்த இரும்பு எங்கிருந்து வந்ததென்று அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

மாரி மழையோடு கடல் இந்த முறை கரையை நன்றாகத் தின்றிருந்தது. தென்னைகள் வேரோடு சரிந்து கிடந்தன. சுனாமிக்கு முன்பு கடலோரமாக இருந்த முதல் தெருவின் அத்திவாரங்கள், பல் வரிசை மாதிரி மணலுக்கு மேலே தெரிந்தன. அந்தக் கரையில் எது வெளியே வந்தாலும் ஊரில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சட்டியோ, தையல் மெசினோ, பிள்ளையின் செருப்போ, கண்டவர் நின்று ஒரு துஆ ஓதிவிட்டு, காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த சட்டமில்லை அது. எல்லோர் வீட்டிலும் கிடைக்காமல் போன ஆள் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

பதியுதீன் கண்டது ஒரு வேனின் பின்பாதி. துருவேறிப் பொடியாய்ப்போன அந்தக் கூட்டுக்குக் கீழே ஸ்பிரிங் பட்டைகளின் அடுக்கு தெரிந்தது. அதில் நடுப்பட்டையை மட்டும் துரு தின்னாமல் விட்டிருந்தது. கையால் மணலைத் துடைத்தான். மூன்று புள்ளிகள். அவன் உளியால் குத்திய, அவன் வாப்பாவின் காலத்திலிருந்து வருகிற பட்டறை அடையாளம். பக்கத்து வீட்டு ஜவுபரின் வேன் பிள்ளைகளின் பாரத்தில் தொய்கிறதென்று, ஒரு பட்டையை மேலதிகமாக அடித்துப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

கடல் வந்த அன்று காலை, ஓடுவதைவிட வேன் கெதியாகப் போகும் என்று தன் மூத்த மகள் அப்னாவைத் தூக்கி அந்த வேனுக்குள் இருத்தியவனும் அவன்தான். ஜன்னலுக்குள்ளால் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டாள். அவன் கையில் போத்தல் இருக்கவில்லை. வேன் வீதி முனையில் திரும்பியது. அதற்குப் பிறகு அந்த வேனையோ அதற்குள் இருந்தவர்களையோ யாரும் காணவில்லை.

அவன் அந்தப் பட்டையைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் கடைசியாக இருந்த இடத்தைத் தாங்கிய இரும்பை விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் வரவில்லை. இந்த வருடக் குர்பானை அப்னாவின் பெயரால் கொடுக்க வேண்டும், அதை அறுக்கிற கத்தி இந்த இரும்பிலிருந்தே வரவேண்டும் என்று நினைத்தான். நல்ல எண்ணம்தான். அதில் பிழை எங்கே இருக்கிறதென்று அவனுக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது தொட்டி வறண்டிருந்தது.

வெடிப்பு இல்லை, ஒழுக்கு இல்லை. தரையில் ஈரமும் இல்லை. தொட்டியின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அதன்மேல் கத்தி கிடந்தது. முந்தின நாள் அதைச் சுவரில் கொழுவிவிட்டுப் போனதாக அவனுக்கு நினைவு. சபூறா முணுமுணுத்துக்கொண்டே வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அதுவும் போய்விட்டது.

அன்றைக்குத்தான் இளைய மகள் ஸஹ்றாவுக்குத் தாகம் தொடங்கியது. அவள் கடலுக்குப் பிறகு பிறந்தவள். பதினாறு வயது, வாய் கொஞ்சம் நீளம், வளவில் கட்டியிருந்த மாட்டுக்குத் தன் கணித ஆசிரியரின் முகம் இருக்கிறதென்று “மாஸ்டர்” எனப் பெயர் வைத்து, அதற்கு வாழைப்பழத் தோல் ஊட்டிக்கொண்டு திரிகிறவள். பெருநாளன்று அழப்போகிறாய் என்று அவன் எத்தனையோ தடவை ஏசியும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை செம்பு செம்பாகக் குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“வாப்பா, தண்ணி உப்புக் கரிக்கிது.”

அவன் வாங்கிக் குடித்துப் பார்த்தான். நல்ல தண்ணீர்.

கத்தியைச் சாணை பிடிக்க எடுத்தபோது இன்னொன்றையும் கவனித்தான். மாட்டுக் கழுத்துக்கென்று கணக்குப் பார்த்து நீளமாக அடித்த கத்தி அது. இப்போது கையில் கட்டையாக இருந்தது. தோய்க்கும்போது இரும்பு சுருங்கும், உண்மைதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத சுருக்கம். இதுவோ ஒரு சாண் போயிருந்தது. வெட்டிய அடையாளம் இல்லை. நுனி அதே நுனி, மூன்று புள்ளிகளும் அதே இடத்தில். மாட்டுக்குக் காணாது, ஆட்டுக்கு அதிகம். இந்த நீளத்துக்குரிய கழுத்து எது என்று அவன் மனம் தன் பாட்டுக்குக் கணக்குப் போடத் தொடங்கியது. அவன் அதை நிறுத்தினான்.

பெருநாளுக்கு அறுக்கிற அபுல் ஹஸன் லெப்பை கத்தியைப் பார்க்க வந்தார். எத்தனையோ வருடமாக அந்தத் தெருவின் குர்பானெல்லாம் அவர் கைதான். கத்தியின் வாயைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்திப் பார்ப்பார். மயிரளவு பல் இருந்தாலும் நகம் சொல்லிவிடும், அந்தக் கத்தியால் அறுக்கமாட்டார். உயிருக்கு நோவு கொடுக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. நகத்தில் பாதி தூரம் போனதும் அவர் கை நின்றது. கத்தியை இரும்படிக்கும் பட்டடையின் மேல் வைத்துவிட்டுச் சாரத்தில் கையைத் துடைத்தார்.

“தம்பி, இது மாட்டுக்கு அடிச்ச கத்தி இல்ல.”

“அப்ப என்னத்துக்கு லெப்பை?”

“எனக்குத் தெரியா. நான் இதத் தொட மாட்டன். என்ட பழைய கத்தியால நான் அறுத்துக்கிறன்.” வாசல்வரை போனவர் திரும்பி, “எங்கால எடுத்தியோ அங்கால கொண்டு வெச்சிரு,” என்றார்.

அவர் போகும்போது பட்டறைக் கதவு திறந்தே கிடந்தது. அறுக்கும் உயிருக்குக் கத்தியைக் காட்டக்கூடாது என்பது பதியுதீன் சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தது. அதன் கண்முன்னால் தீட்டவும் கூடாது. பதறிப்போய்க் கத்தியை மறைக்கத் திரும்பினான். மாடு நேராகக் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த மாடாக இருந்தாலும் கத்தியின் இரும்பு மணத்துக்கே கயிற்றை இழுக்கும். இது இழுக்கவில்லை. இந்த விசயத்தில் தனக்கொரு பங்கும் இல்லை என்பது போல நிதானமாக அசைபோட்டது. பிறகு தலையைத் திருப்பி, குசினி வாசலில் செம்பைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்த ஸஹ்றாவைப் பார்த்தது.

பதியுதீன் கத்தியைப் பட்டடையிலிருந்து கையில் எடுத்துக்கொண்டான்.

கத்தியைச் சுற்றிவைக்கச் சாக்கொன்று தேடிக்கொண்டு நின்றவனிடம் ஸஹ்றா ஓடி வந்தாள். போனுக்கு டேட்டா போட வேண்டுமாம். அவன் சரி, சரி என்று தலையாட்டினான். அவள் சிரித்துக்கொண்டே போன பிறகுதான் தன் வலக்கை எங்கே இருக்கிறதென்று பார்த்தான். முதுகுக்குப் பின்னால் இருந்தது. கையில் கத்தி. அவள் வருவதைக் கண்டதும், மாட்டுக்கு மறைப்பதைப் போலவே, நினையாமல் மறைத்திருக்கிறான். நடுங்குகிற அந்தக் கை அப்போது நடுங்கவில்லை.

அன்றிலிருந்து அவன் தன் கையைக் கண்டே பயந்தான்.

முதலில் நெருப்பை நம்பினான். பதமேறிய இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டால் அதன் கடினமெல்லாம் போய், வெறும் தகடாகிவிடும். எந்தக் கத்தியையும் கொல்லுகிற வழி அது. கரியை மலைபோலக் குவித்து, புளோவரை முழுக்கத் திறந்துவிட்டு, கத்தியை நடுவில் செருகினான். உலை வெண்ணெருப்பாக எரிந்தது. புருவம் பொசுங்கும் சூடு, கூரைத் தகரம் படபடவென்று விரிகிற சத்தம், வியர்வை வாய்க்குள் இறங்கி உப்பாகக் கரித்தது, கண் எரிந்தது, அவன் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கத்தி சிவக்கவில்லை. கறுப்பாகவே கிடந்தது. குறடுகூடச் சூடேறிக் கையைச் சுட்டது. கத்தியைத் தொட்டுப் பார்த்தான், கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

அஸர் தொழுத கையோடு கரைக்குப் போனான். வேனின் மிச்சத்தை அலை இன்னும் உள்ளே இழுத்திருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, கையால் குழி தோண்டி, கத்தியைப் புதைத்தான். அப்னா, இதை நீயே வைத்துக்கொள் மகள் என்று வாய்விட்டுச் சொன்னான். சொன்னதும் அழுகை வந்தது. வீட்டுக்கு வரும்போது நெஞ்சு இலேசாக இருந்தது. கிணற்றடியில் கால் கழுவி, சாரம் மாற்றி, பள்ளிக்குப் போய் மஹ்ரிப் தொழுது, திரும்பி வந்து தேத்தண்ணீர் கேட்டான்.

சபூறா தேத்தண்ணீரோடு ஒரு துணிப்பொட்டலத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

“கடலடியில மறந்து வெச்சிட்டு வந்திரிக்கீங்க.”

கடல் வந்த நாளிலிருந்து கடற்கரைப் பக்கமே போகாதவள் சபூறா. வீட்டின் கடல்பக்க ஜன்னலைக்கூட ஆணி அடித்து வைத்திருப்பவள். அவளுடைய சீலையின் கரை முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். ஆனால் அவன் கவனமெல்லாம் பொட்டலத்தில் இருந்தது. துணி அவிழ்ந்த இடத்தில் கத்தி இன்னும் கொஞ்சம் கட்டையாகியிருந்தது.

பயந்தவனுக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.

மறுநாள் காலையில் ஸஹ்றாவின் அறையில் கட்டில் திரும்பியிருந்தது. இறந்தவரின் ஜனாஸாவைத் தலை வடக்கே இருக்க, வலப்பக்கம் சாய்த்து, முகத்தை மேற்கே கிப்லாவுக்குத் திருப்பி வைப்பது வழக்கம். அறுப்பதற்கு மாட்டைக் கிடத்துவது வேறு விதம். தலை தெற்கே, இடப்பக்கம் சாய்த்து, முகம் கிப்லாவுக்கு. ஸஹ்றாவின் கட்டிலில் தலைமாடு தெற்கே இருந்தது. இடப்பக்கம் சாய்ந்து, வாய் சற்றுத் திறந்து, உதடு வெடித்துக் கிடந்தாள். தலைமாட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தது.

பாரமான கருங்காலிக் கட்டில். யார் திருப்பியது? பெண்பிள்ளைகளால் ஏலாது. சம்மட்டி பிடிக்கிற கைதான் திருப்பியிருக்க வேண்டும். உறக்கத்தில் எழுந்து தானேதான் செய்திருக்கிறான் என்று அவன் முடிவு கட்டினான். தன் உள்ளங்கையை மணந்து பார்த்தான். இரும்பு மணத்தது. அது எப்போதும் மணக்கிற மணம்தான். அன்றைக்கு அதுவே அவனுக்குச் சாட்சியாகத் தெரிந்தது.

குளித்துவிட்டு வந்து, ஸஹ்றாவைச் சம்மாந்துறைக்குத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினான். பெருநாள் முடியும்வரை வரக்கூடாது. அவள் சண்டை பிடித்தாள், மாஸ்டரை நான்தான் பார்க்க வேண்டும் என்றாள், கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு த்ரீவீலில் ஏறினாள். அவள் கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தான். இந்த முறை கொடுத்தான். வண்டி வீதி முனையில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, அங்கேயே நிலத்தில் குந்திவிட்டான். என் பிள்ளையை விட்டுவிடு என்று யாரிடமென்று தெரியாமல் கெஞ்சினான்.

பெருநாளுக்கு முந்தின நாளான அரபா நோன்பன்று அஸருக்குப் பிறகு பள்ளியிலிருந்து வந்தவன், குசினியில் சிரிப்புச் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். ஸஹ்றா மாங்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

“நீ ஏன் வந்த?”

“உம்மா கோல் எடுத்தா வாப்பா. நோன்பு தொறக்க வரட்டாம்.”

அவன் சபூறாவைப் பார்த்தான். பெருநாளன்றைக்குப் பிள்ளை வீட்டில் இல்லாமல் எப்படி என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். எந்தத் தாயும் சொல்கிற பேச்சு. அவளிடம் எப்படி விளங்கப்படுத்துவது? அவன் தலைக்குள் ஒன்று மட்டுமே ஓடியது. மஹ்ரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. இருட்டுப் பட்டால் இந்தக் கை என்ன செய்யுமென்று தெரியாது. வெளியே போனாலும் கால் திரும்பி வந்துவிடும். பட்டறைக்குத் தகரச் சுவர், இரும்புச் சட்டம், வெளியே பூட்டுப் போடலாம்.

சபூறாவைப் பட்டறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினான். வேன், பட்டை, அப்னா கேட்ட போத்தல், கட்டில் திரும்பியது, கை முதுகுக்குப் போனது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பயப்படவில்லை என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சுவரிலிருந்து கத்தியை எடுத்து, துணியில் சுற்றி, பூட்டுச் சாவியோடு சேர்த்து அவள் கையில் வைத்தான்.

“என்னப் பூட்டிட்டுப் போ. விடியுமட்டும் துறக்காத. நான் அழுதாலும் துறக்காத. இது உன்ட கையில இரிக்கட்டும்.”

“ஓம்,” என்றாள் சபூறா. “என்ட கையிலதான் இரிக்கி.”

பூட்டு விழுந்தது. அவள் கால் சத்தம் வளவைக் கடந்து போயிற்று.

அவன் பட்டடையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. தகர ஓட்டைகளுக்குள்ளால் விழுந்த வெளிச்சம் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, சுவரில் மேலே மேலே ஏறியது. தெருவில் பிள்ளைகள் ஓடினார்கள். தூரத்துப் பள்ளியொன்றில் தக்பீர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கடல் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் இரைந்தது. நோன்புத் தாகம் தொண்டையை அடைத்தது. கையைப் பார்த்தான். மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது, வயதான ஒருவரின் கை மாதிரி. பாவம், இந்தக் கையால் இனி ஒன்றும் ஏலாது என்று நினைத்தான். இந்தக் கையால்தான் தோய்க்கவும் ஏலாது.

அந்த நினைப்பு பாதியில் நின்றது.

தோய்த்தது யார்?

அவன் “ம்” என்று மட்டும்தான் சொன்னான். மூலையில் நின்றான். குறடு அவள் கையில். தண்ணீர் காட்டியது அவள். கரைக்குப் போனது அவள். பிள்ளையைக் கூப்பிட்டது அவள். கருங்காலிக் கட்டில்... சம்மட்டியை அவளும்தானே பிடிக்கிறாள், இத்தனை வருடமாக, அவனுக்கு எதிரே நின்று.

எழுந்து ஓடிப்போய்க் கதவை உலுக்கினான். தகரம் அதிர்ந்தது. சபூறா என்று கத்தினான். ஸஹ்றா என்று கத்தினான். ஓடு மகள் என்று கத்தினான். தோளால் இடித்தான். மறுபடியும் இடித்தான். சட்டம் அசையவில்லை. அவன் அடித்த சட்டம். அவன் ஒட்டிய பிணைச்சல். வளவில் மாடு நிதானமாக அசைபோட்டது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

சீறல்.

நீளமாக. பழுத்த இரும்பு ஈரத்தில் இறங்குகிற சீறல். பிறகு கொதித்துக் குமுறியது. பிறகு முனகியது. அடங்கியது.

தொட்டியில் வராத சத்தம். இப்போது வந்தது. ஸஹ்றாவின் அறையிலிருந்து.

அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். நிலத்தில் குந்திவிட்டான். எவ்வளவு நேரமென்று தெரியாது. சுவரில் வெளிச்சம் இல்லை. வளவில் கால் சத்தம் வந்தது. ஆறுதலான நடை. பூட்டுத் திறந்தது.

சபூறா இடக்கையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு நின்றாள். சீலைத் தலைப்பைத் தொழுகைக்குப் போட்டது போல நன்றாகப் போர்த்தியிருந்தாள்.

“நோன்பு தொறங்க.”

“பாங்கு சொல்லிட்டா?”

“சொல்லியாச்சி. உங்களுக்குக் கேக்கல்ல.”

கிளாஸை அவன் வாயில் வைத்தாள். அவன் குடிக்கக்கூடாதென்று நினைத்தான். தொண்டை கேட்கவில்லை. குடித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்தான். குளிர்ந்த தண்ணீர். கைகால் எல்லாம் தளர்ந்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்தன.

“ஸஹ்றா?”

“மொதல்ல அவளுக்குத்தான் குடுத்தன். இப்ப உப்புக் கரிக்கல்லயாம்.”

“ஆரு சொன்ன?”

“ரெண்டு புள்ளைகளும்தான்.”

அவள் குந்தினாள். வெறும் கிளாஸை நிலத்தில் வைத்துவிட்டு, இடக்கையை அவன் நெற்றியில் வைத்தாள். நோவு தெரியாமல், ஆறுதலாக, அவன் தலையைத் தெற்கே சரித்து, முகத்தை மேற்கே திருப்பினாள். அவனுக்குப் பின்னால் கடல் இரைந்தது. அவளுடைய வலக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து, அவள் தோளுக்கு மேலால், வெள்ளை ஆவி மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது.